நத்தைகள் திரும்பும் பக்கம்

மடிக்கணினித் திரையில் கருநீலம் மெல்ல விரிந்தது. அதன் கரையோரம் நத்தைக் கூடுகள், கூட்டுக்குள் கூடாகச் சுருண்டுகொண்டே போயின.

கணக்கு வாத்தியார் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மனைவி திரையை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். பார்க்கிறாரா என்றுதான் தெரியவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிடித்ததைக் காட்டிப் பாருங்கள், உள்ளே இருந்தால் வெளியே வருவார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவருக்குப் பிடித்தது திரையில் விரியும் இந்த ஊர்தான்.

விசித்திரமான ஊர், கேளுங்கள். இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். பக்கவாட்டில் எவ்வளவு, மேலே கீழே எவ்வளவு என்று அதற்கு இரண்டு பங்கு. அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, தொடங்கிய எண்ணைக் கூட்ட வேண்டும். வந்ததை மறுபடி பெருக்கி, மறுபடி கூட்ட வேண்டும். அடங்காமல் ஓடிப்போகிற எண்ணுக்கு நிறம். என்ன செய்தாலும் வீட்டோடு தங்கிவிடுகிற எண்ணுக்குக் கறுப்பு. அவ்வளவுதான் சட்டம். ஆனால் அந்தக் கரையை எவ்வளவு பெரிதாக்கினாலும் தீராது.

நடுக்கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் கீழேயும் உண்டு, குளத்தில் விழுந்த நிழல் மாதிரி. கீழே போக, எண்ணை அடிக்கும்போது இரண்டாவது பங்குக்கு முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும். வாத்தியாரின் நத்தைத் தெரு கீழேதான் இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவி அந்த மைனஸை விட்டுவிட்டு மேலே போய் நிற்பாள். மைனஸை எங்கே அடகு வைத்தாய் என்று அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மகள் எட்டித் திரையைப் பார்த்தாள்.

"போம்மா, இன்னைக்கும் மைனஸ விட்டுட்ட! அப்பா அவ்வளவு கேலி பண்ணியும் திருந்தலையே நீ."

திருத்தப் போன மகளின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

நத்தைகள் தவறான பக்கம் சுருண்டன. அவள் இன்னும் பெரிதாக்கினாள். நீலத்துக்குள் பொன். பொன்னுக்குள் ஒரு சின்னக் கறுப்பு. மதிய வெயில் போர்வைமேல் ஊர்ந்தது. அறையே மெதுவாக உள்ளே இறங்குவதுபோல் இருந்தது.

வாத்தியாரின் புருவம் சுருங்கியது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"எங்கடி... அடகு... வச்ச?"

மகள் அழுதுகொண்டே நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

அம்மா மைனஸைப் போட்டாள். நத்தைகள் எல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொண்டன.

அவள் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. தினமும் சரியாக அடித்துவிட்டு, மகள் பார்ப்பதற்குள் மைனஸை மட்டும் அழித்துவிடுவாள்.