கண் அசந்த நேரம்

கண் விழித்தபோது மினி பஸ் நின்றிருந்தது.

முன்சக்கரம் சாலையோர ஜல்லிக் குவியலில் ஏறியிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. வெளியே சுள்ளென்று மதிய வெயில்.

அவர் கைகள் ஸ்டியரிங்கின் மேலேயே கிடந்தன. வயிறு அதில் அழுந்தியிருந்தது.

சாலை நடுவே ஒரு ஸ்கூட்டி சாய்ந்து கிடந்தது. பயத்தில் அதைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணன் மட்டும் சட்டுனு வண்டிய ஒடிக்கலேன்னா அம்புட்டுத்தான், முடிஞ்சிருக்கும்."

கண்டக்டர் பால்ச்சாமி பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ கைதட்டினார்கள்.

ஒடித்தது அவருக்கு நினைவில்லை.

பெட்ரோல் பங்கைத் தாண்டியது நினைவிருக்கிறது. அதன்பின் எதுவுமில்லை.

அவர் எடை நூற்று நாற்பத்திரண்டு கிலோ. மல்லாந்து படுத்தால் குறட்டை திடீரென்று நின்றுபோகும். மூச்சும் நின்றுபோகும். மனைவி முருகேஸ்வரி பதறி எழுந்து உலுக்குவாள்.

"மூச்சு விடுங்க. ஏங்க, மூச்சு விடுங்க."

இரண்டு வருடமாக இருவருக்கும் முழுத் தூக்கமில்லை.

உடம்பு பெருத்ததால் தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். சரியாகும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

இரண்டாவதை வீட்டில் சொல்லவில்லை.

முதலாளியிடம் எதையுமே சொல்லவில்லை.

அந்தப் பெண் படியேறி வந்தாள்.

"எம்புள்ளைய காப்பாத்திட்டீங்கண்ணே."

குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து அவரைக் கும்பிட வைத்தாள். அது அவர் வயிற்றைப் பார்த்துச் சிரித்தது.

அவர் பேசாமல் இருந்தால் போதும். பால்ச்சாமி ஊரெல்லாம் சொல்லிவிடுவான். முதலாளி தோளில் தட்டுவார்.

நாளைக்கும் இதே சாலை. இதே மூன்று மணி.

சாவியை உருவினார். பால்ச்சாமியின் கையில் வைத்தார். அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"நான் ஒடிக்கலம்மா. தூங்கிட்டேன்."



அவள் அவரையே பார்த்தாள்.

பிறகு குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள்.