மூடி திறக்காத சஹன்

இன்னும் ஐந்து பேர் வரவேண்டும்.

திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கம் பாய் விரித்து, வரிசையாகச் சஹன் வைத்தாயிற்று. ஒரு பெரிய தட்டுக்கு ஆறு பேர். ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தால்தான் மூடியைத் திறப்பார்கள், ஒரே சோற்றில் கை வைப்பார்கள். அக்குறணையில் எங்கள் கல்யாண வீட்டுச் சாப்பாடு அப்படித்தான்.

கடைசிச் சஹனில் கணபதி அண்ணன் மட்டும் இருந்தார். முன்னால் மூடிய தட்டு.

அவர் மலக்குழி இறைக்கும் பவுசர் லொறியில் வேலை செய்கிறவர். எங்கள் தெருவில் அவர் வராத வீடு இல்லை, ஆனால் எல்லா வீட்டுக்கும் பின்பக்கத்தால்தான் வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் முன்வாசலால் வந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் நான் கொடுத்த கல்யாணக் கார்டு.

கண்டியில் எந்தக் கூட்டம் என்றாலும் போய், மனிதர் எல்லோரும் சமம் என்று மைக் பிடிக்கிறவள் நான். அவருக்கும் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும் கையுறையும் சப்பாத்தும் கேட்டு மூன்று வருடம் மனு எழுதியவள். அவரைக் கல்யாணத்துக்குச் சொல்லவேண்டும் என்றதும் உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பார்சல் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடலாமே என்றார்.

பார்சல் இல்லை, சஹன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

நான் நின்றதன் பலனை அவர் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் அவர் பக்கம் வந்தார்கள். ஆளைப் பார்த்ததும் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி, பக்கத்துச் சஹனில் ஏழாவது எட்டாவது ஆளாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரூஸ் ஹாஜியார் கூரையைப் பார்த்தபடி கடந்துபோனார். போன கிழமை தன் வீட்டுக் குழி நிரம்பியபோது அண்ணனுக்கு ஆறு தடவை போன் எடுத்தவர் அவர்தான்.

எனக்குக் காது சுட்டது. கூப்பிட்டு வந்து நடுச்சபையில் அவமானப்படுத்திவிட்டேனே என்றிருந்தது. வேறு நாளாக இருந்தால் ஓடிப்போய் நானே அவர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு என்னை அசையவிடாமல் காவல் போட்டிருந்தார்கள்.

என் கூடப்பிறந்த மூத்தவர் ஃபாஸில் நானா ஒரு பார்சலோடு அவரிடம் போய், குனிந்து காதோடு காதாக ஏதோ சொன்னார்.

கணபதி அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை.

"வயித்துக்கு இல்லாம வரல தம்பி. கார்டு குடுத்துக் கூப்பிட்டாங்க, வந்திருக்கேன். ஒக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

ஃபாஸில் நானா பார்சலோடு திரும்பிப் போனார். நான் மேடை மேடையாகப் பேசியதெல்லாம் அந்தப் பேச்சுக்குக் கால்தூசி பெறாது. பெருமையில் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

முன்வரிசையில் பள்ளிவாசல் ஹஸ்ரத்தோடு இருந்த ஒருவர் எழுந்தார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. கோட்டைக் கழற்றி ஜன்னலில் போட்டார். பாயோரமாகவே நடந்து, கடைசிச் சஹனுக்குப் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவரிடம் செம்பை வாங்கி, கணபதி அண்ணனின் கைக்குத் தானே ஊற்றினார்.

அண்ணன் சும்மா விடுவாரா? அதே செம்பை வாங்கி அவருடைய கைக்கும் ஊற்றினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே! மிச்சமிருந்த நான்கு இடத்துக்குப் பத்துப் பேர் எழுந்தார்கள். ஹஸ்ரத்தே இரண்டு பேரை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அரூஸ் ஹாஜியாருக்கு இடம் கிடைக்கவில்லை.

மூடியைத் திறந்தது கணபதி அண்ணன்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டங்களுக்கு வருகிற நம் ஆள் யாரோ என்று நினைத்தேன். யார் அவர், கண்டியிலிருந்து வந்தவரா என்று பக்கத்தில் நின்ற என் சிநேகிதி றலியாவிடம் கேட்டேன்.

அவள் என் மருதோன்றிக் கையில் ஓர் அடி போட்டாள்.

"அது ஒண்ட மாப்புள, புள்ள!"

ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் பள்ளிவாசலில் வாப்பா என்னை நிக்காஹ் செய்துகொடுத்தது அந்த முதுகுக்குத்தான்.