ஏகாம்பரம் வீட்டுத் தூதரகம்

செவ்வாய்க் கிரகத்தில் வடக்குக் குடியரசும் தெற்குக் குடியரசும் ஒன்றையொன்று நாடாகவே ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் தண்ணீர் வடக்கே, ஆக்சிஜன் தெற்கே. அதனால் வடக்கு அதிகாரிகள் கேட்க வேண்டியதை ஏகாம்பரத்தின் காதில் போடுவார்கள். அவர் காலைக் காப்பியின்போது தெற்கில் பிறந்த மனைவி சுலோசனாவிடம் சொல்வார். அவள் தம்பிக்குப் போன் போடுவாள், அவன் தெற்கு அமைச்சரிடம் சேர்ப்பான். பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை. கண்ணாடியில் ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது ஒரு தூதரின் முகம்தான்.

போன வாரம் அந்தத் தூதர் மச்சினனைத் தண்டச்சோறு என்று சொல்லித் தொலைத்தார். சுலோசனா பேச்சை நிறுத்தினாள். கேட்க ஆளில்லாமல் ஆக்சிஜனும் நின்றது. ஊரே மூச்சு வாங்கியது.

எட்டாம் நாள் வெளியுறவுச் செயலர் வந்தார்.

"சார், உங்க மச்சினர்கிட்ட நீங்க மன்னிப்பு கேக்கணுமாம்."

"யார் சொன்னது?"

"தெற்கு அமைச்சர். நம்ம அமைச்சர்கிட்ட நேர்லயே சொன்னார்."

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களே!"

"வேற வழி? உங்க சண்டையைத் தீர்க்கத்தான் உக்காந்தாங்க. அப்படியே ஒப்பந்தமும் போட்டுட்டாங்க. ஆக்சிஜன் வந்தாச்சு."

பதினோரு வருஷம் பேசிப் பேசி ஏகாம்பரம் கிழித்தது ஒன்றுமில்லை. எட்டு நாள் பேச்சில்லாமல் இருந்ததில் இரண்டு நாடும் சேர்ந்துவிட்டன.

தூதர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். காப்பி மட்டும் இன்னும் வரவில்லை.