விலாங்கு தூங்கணும்

கண் சொருகிக்கொண்டிருந்த குழந்தையின் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள் அவள்.

எட்டு மாதப் பயல், வீலென்று கத்தினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த கண்ணாடிக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, தானா தூங்குற பிள்ளையைச் சுண்டி எழுப்புறியே, உனக்கே நல்லா இருக்கா? பெத்த மனசுதானா அது?"

அவளோ முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கும் சேர்த்து நாத்தனார்தான் பேசுவாள்.

"நீங்க வேற! எங்க அண்ணி என்ன ஆசைக்கா சுண்டுறாங்க? இவனுக்குக் காது கேக்குதான்னு டெஸ்ட் எடுக்கணும். டெஸ்ட் முடியுற வரைக்கும் அசையாமத் தூங்கணுமாம். அதனால வழியில தூங்கவிடாமக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. காலையில அஞ்சு மணிலேர்ந்து முழிச்சிருக்கான். கூடவே நாங்களும்."

"அடப்பாவமே, காதா?"

"குக்கர் விசில் அடிச்சாலும் திரும்ப மாட்டேங்குறான். கதவைப் படார்னு சாத்தினாலும் அவன் பாட்டுக்கு விரலைச் சூப்பிக்கிட்டு இருக்கான். எங்க அண்ணன், 'அது அமைதியான பிள்ளை'ங்குறார். அண்ணிதான் ராத்திரியெல்லாம் இவன் பக்கத்துல கையைத் தட்டித் தட்டிப் பாக்குறாங்க."

கண்ணாடிக்கார அம்மா கையை நீட்டிக் குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக் கொடுத்தார்.

ஏற்கெனவே இரண்டு தடவை வந்தாயிற்று. இரண்டு தடவையும் அவன் தூங்கவே இல்லை. திரும்பிப் போனார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"இன்னைக்காவது தூங்குவானா?" டெஸ்ட் எடுக்கும் மேடம் சிரிக்கவே இல்லை. "ஒரு மணிக்கு ரூமைப் பூட்டிருவேன். விட்டா இனிமே ரெண்டு மாசம் கழிச்சுதான் தேதி."

"தூங்கிருவான் மேடம்," என்றாள் நாத்தனார்.

தூங்க வேண்டிய நேரம் வந்ததும்தான் அவனுக்கு விளையாட்டே ஆரம்பித்தது.

தோளில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கினான். மடியில் போட்டால் குப்புறக் கவிழ்ந்தான். கட்டிலில் போட்டால் மெஷினின் ஒயரைப் பார்த்துத் தவழ்ந்தான். விளக்கை அணைத்தார்கள், இருட்டில் கெக்கெக்கென்று சிரித்தான். பால் கொடுத்தார்கள், குடித்த தெம்பில் அத்தையின் தோட்டைப் பிடித்து இழுத்தான்.

"ஐயோ, விடுடா! இவனுக்குப் போய் அழகா ஒரு பேரு வெச்சீங்களே அண்ணி. விலாங்குன்னு வெச்சிருக்கணும். எங்க பிடிச்சாலும் நழுவுறான்."

மணி பன்னிரண்டரை.

"பாடுங்க அண்ணி. வீட்டுல முன்னெல்லாம் பாடுவீங்கல்ல?"

"இப்பப் பாடுறதில்ல."

"ஏன்?"

"யாருக்குன்னு பாடுறது?"



ஆனாலும் மகனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். அவன் கன்னத்தைத் தன் தொண்டைக்குழியில் பதித்துக்கொண்டாள். வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று இழுத்தாள். பாட்டெல்லாம் இல்லை. காதுக்குப் போகாவிட்டாலும் கன்னத்துக்கு அந்த அதிர்வாவது தெரியட்டும் என்றுதான்.

ஒரு கால் உதைத்தது. இன்னொரு கால் உதைத்தது. பிறகு உதை நின்றது. அவள் சங்கிலியை இறுக்கிப் பிடித்திருந்த கை மெல்ல விரிந்தது.

வெளியே கண்ணாடிக்கார அம்மா வாயில் விரலை வைத்து, வராந்தா முழுவதையும் அடக்கிக்கொண்டிருந்தார்.

அவனைக் கட்டிலில் கிடத்தி, அடியிலிருந்து கையை ஒவ்வொரு விரலாக உருவினாள். மேடம் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டினார். அவன் அசையவில்லை. காதில் கருவியை வைப்பது ஒன்றுதான் பாக்கி.

"பிழைச்சோம்," என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

'டமார்!'

பின்வாசல் வழியாக வந்த துப்புரவுக்காரரின் கையிலிருந்து இரும்பு வாளி நழுவி விழுந்திருந்தது. அதன் மூடி தனியே கழன்று, தரையில் உருண்டு, ஒரு வட்டமடித்து அடங்கியது.

கட்டிலில் விலாங்கு இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு விழித்தான். உதட்டைப் பிதுக்கினான். பின்வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் கத்த ஆரம்பித்தான். உதைத்த உதையில் ஒட்டிய ஒயரெல்லாம் பிய்ந்து வந்தன.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" நாத்தனார் பாய்ந்தாள். "மூணு தடவை அலைஞ்சு இப்பத்தான் தூங்கினான்!"

"இந்த ரூம் பக்கம் வாளியைக் கொண்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?" மேடம் கையிலிருந்த கருவியை மேஜையில் வைத்துவிட்டார். "எல்லாம் போச்சு."

"படுபாவி மனுஷா!" என்றது வாசலில் ஒரு குரல். கண்ணாடிக்கார அம்மாதான்.

அந்த மனிதர் மூடியைப் பொறுக்கி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தாயின் எதிரில் வந்து நின்றார்.

"தெரியாம நழுவிருச்சும்மா. மன்னிச்சிரும்மா."

அவள் அழுகிற குழந்தையைத் தூக்கக்கூட இல்லை. பொத்திய வாயோடு மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இதோ பாரும்மா," என்றார் மேடம். "ஒரு சத்தத்தை வெச்சு எதையும் சொல்லிட முடியாது. டெஸ்ட் எடுத்துத்தான்..." பாதியில் அவருடைய குரலும் தழைந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ரூமை ரெண்டு மணிக்குப் பூட்டிக்கிறேன். மறுபடியும் தூங்க வை."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. துப்புரவுக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே... அதை இன்னும் ஒரே ஒரு தடவை கீழே போடுங்களேன்!"