பட்டினிக் குடுவை

நீலப்பச்சைப் பாசி வளர்த்த ஐந்து குடுவைகளில் கடைசிக்கு மட்டும் நைட்ரஜன் சத்தே போடவில்லை. அது இல்லாமல் பாசியால் நஞ்சைச் சுரக்க முடியாது. ஆய்வகத்தில் அதற்குப் பட்டினிக் குடுவை என்று பெயர். ஆனால் அதில்தான் நஞ்சின் அளவு தினமும் ஏறியது.

“என்னம்மா, துரும்பா இளைச்சுட்டு வர்றீங்க?” என்றார் உதவியாளர்.

“மூணு வேளையும் மூக்கு முட்டத்தான் சாப்பிடறேன்.”

நான்கு நாள் விடுப்பில் போனேன். அந்த நான்கு நாளும் அளவு ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்று அவர் குறித்து வைத்திருந்தார்.

பாசி வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம்தான் ஒட்டும். இது என் நாற்காலிப் பக்கம் ஒட்டியிருந்தது. நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். பதிவேட்டை எழுதி முடித்து நிமிர்ந்தபோது, பாசியும் இந்தப் பக்கம் வந்திருந்தது.

பேனாவை மூடினேன். சோப்புப் போட்டாலும் கழலாத என் மோதிரம் மேசைமேல் விழுந்து உருண்டது.