வெல்லம் கேட்ட ஜீப்

என் வீட்டுக்காரர் காசிக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால் வழியில் கை நடுங்கும். நடுங்கினால் வண்டியை நிறுத்தி இனிப்பு தின்ன வேண்டும், நன்றாகத் தெளிந்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் நிறுத்த மாட்டார். எங்கள் ஜீப்பே மலைப்பாதையில் நின்றுவிடும்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வரும் சனங்கள், சாமிதான் மறிக்கிறது என்று இறங்கி, பானெட்டில் வெல்லம் வைத்துப் படைப்பார்கள். முதல் பிரசாதம் டிரைவருக்கு. அவருக்கு நடுக்கம் நின்று தெளிந்ததும் வண்டி கிளம்பிவிடும்.

"உன்னியவிட அதுக்குத்தான்டி எம்மேல அக்கறை" என்பார். நான் அதைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன்.

நேற்று மத்தியானம் வாசலில் சக்களத்தி விடாமல் ஹாரன் அடித்தாள். எட்டிப் பார்த்தேன், வண்டியில் யாருமில்லை. உள்ளே ஓடினால், இவர் கட்டிலில் வேர்த்து நனைந்து உளறிக்கொண்டிருந்தார். உட்காரவைத்து வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் ஹாரன் நின்றது.

"யார்டி ஹாரன் அடிச்சது?"

"உங்க செல்ல ஜீப்புதான்."

சிரித்தார். "இன்னாடி சொல்ற? அதோட பேட்டரிதான் கண்ணமங்கலத்துல சார்ஜுக்குக் கெடக்குதே!"

மீதி வெல்லத்தைக் கொண்டுபோய்ச் சக்களத்திக்கு வைத்தேன்.