குராமோச்சி வாத்தியாரின் செர்ரி மரம்

இந்த வருஷம் குராமோச்சி கேட்பதற்கு முன்பே, மாடிக் கைப்பிடியில் காயப்போட்டிருந்த மெத்தையை உள்ளே எடுத்துவிட்டேன்.

கீழே தெருவில் மடக்கு நாற்காலி போட்டு, தன் வீட்டுச் செர்ரி மரத்தை வரைய உட்கார்ந்திருந்த மனிதர் அண்ணாந்து பார்த்தார்.

“அடடே, இசோகாய் அம்மா! நானே கேக்கலாம்னு இருந்தேன். ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு.”

பெரிய மனசாம்!

வங்கியில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். நாலு படம் கிறுக்கியதற்கு நாகோயாவின் இந்த மூலைத் தெருவே அவரை வாத்தியார் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. எதிர்வீட்டு நிஷிவாகி அம்மாள் தேநீரை நீட்டி, “ஐயோ, உசிரோட நிக்குது வாத்தியாரே!” என்று உருகுவாள்.

படத்தில் மின்கம்பம் இருக்காது. கம்பி இருக்காது. பக்கத்து வீடு, அதாவது என் வீடு, இருக்கவே இருக்காது. அந்த இடத்தில் வெறும் ஆகாயம்தான். அந்த ஆகாயத்தில்தான் நானும் என் புருஷனும் குடியிருக்கிறோம்.

மரத்தின் பெரிய கிளை ஒன்று மதிலைத் தாண்டி வந்து, என் புருஷன் படுத்திருக்கும் அறையின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாதம் வந்ததிலிருந்து அவருக்குப் படுக்கைதான். அறையில் வெயில் என்பதே கிடையாது. மெத்தை காய மாடியில் ஒரே ஒரு மூலை இருக்கிறது. பூக்காலம் வந்தால் அதுவும் இந்த மகானின் கண்ணை உறுத்தும்.

அந்த ஒரு கிளையை மட்டும் வெட்டச் சொல்லி எத்தனை தடவை குனிந்து கேட்டிருப்பேன்! போன இலையுதிர் காலத்தில் பலகாரப் பெட்டியோடு போய்க் கேட்டேன்.

“அந்தக் கிளைதாம்மா படத்துக்கே அழகு,” என்றார். பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வட்டார அலுவலகத்தில் போய் நின்றேன். எல்லை தாண்டினாலும் கிளை அவருடையதுதான், நான் கை வைக்கக்கூடாது என்றார்கள்.

இன்று தெருவே மரத்தடியில் கூடியிருந்தது. கிளை தெரியாமல் பூ. அடிமரத்தில்கூடக் கொத்துக்கொத்தாக வெடித்திருந்தது.

“இத்தனை வருஷத்துல இப்படிப் பூத்ததே இல்ல,” என்று வாத்தியார் கண் கலங்கினார். “மரத்துக்கு என்ன சந்தோஷமோ!”

சந்தோஷமாம்! வருஷக்கணக்காக உட்கார்ந்து உற்றுப் பார்த்தவருக்கு மரத்தைப் பற்றித் தெரிந்த லட்சணம் இவ்வளவுதான். சாகப்போகிற மரம் உள்ளதையெல்லாம் பூவாகக் கொட்டிவிட்டுத்தான் சாகும்.

“நல்லாப் பெரிசா வரைங்க வாத்தியாரே,” என்றேன். “ஒரு பூவக்கூட விட்டுடாதீங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நிஷிவாகி அம்மாள் கைகூட ஆட்டினாள்.

அன்று அலுவலகத்தில், கிளையைத் தொடக்கூடாது என்று சொன்ன அதே ஆள் வாசல்வரை கூடவே வந்தார். எல்லை தாண்டி வருகிற வேரை மட்டும் நானே வெட்டிக்கொள்ளலாம், சட்டம் அப்படி என்றார். பாதி வேர் எங்கள் பக்கம்தான். குளிர்காலம் முழுக்க மதிலோரம் மண்வெட்டியும் ரம்பமுமாகக் கிடந்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் யார் எட்டிப் பார்த்தார்கள்?

மெத்தையை மடித்துக்கொண்டு அறைக்குள் போனேன். என் புருஷன் இருட்டில் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் காயலையே. ஏன் எடுத்துட்ட?”

“அடுத்த வருஷம் காயும்,” என்றேன்.